கடனா, கொடையா?
சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பல்கலைக்கழக அனுமதி பெறும் எமது பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவி யாவும் கொடையல்ல. 1989இல் தொடங்கிய ‘ஹெக்ஸ்’ ஒரு கடனே. வட்டி இல்லையெனினும் விலைவாசி அல்லது ஊதிய உயர்வையொட்டி அது ஆண்டுதோறும் கூடும். வருமானம் உரிய எல்லையைத் தாண்டியதும் வரியுடன் அறவிடப்படும்.

அக்கடனும் எல்லோருக்கும் உரியதன்று. தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தோருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வதிவிடத்துக்கும், அதன்வழி இக்கடனுக்கும் வழி திறந்தது. ‘பிரிட்ஜிங்’ விசாவில் காத்திருப்போருக்கோ பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணமே. சில பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கெனப் புலமைப்பரிசில் வழங்குகின்றன.

அது முழுக் கட்டணத்துக்கா, ஒரு பகுதிக்கா? பட்டப்படிப்பு முடியும்வரையா, ஓராண்டுக்கா? விசா மாறினால் தொடருமா? எழுத்தில் விடை பெற்ற பின்னரே ஒப்பமிடுவோம். ஒரே வகுப்பில் பயின்றோரை விசா பிரிக்கும் அநீதிக்கு எதிராகவும் குரலெழுப்புவோம்.