பாகத்தை மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள்

அறிவியல் எங்கே நடக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் ஆய்வுக்கூடத்தைத்தான் காட்டுவோம். கிரீஸ் படிந்த சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கைக் காட்டமாட்டோம். இது தவறு என்பது என் கருத்து. ஏன் என்று ஒரு பழுதைக் கொண்டே பார்ப்போம்.

குரோம்பேட்டையின் பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. இங்கேதான் சி. ராஜம் 1949-இல் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை (எம்.ஐ.டி.) நிறுவினார். அதன் முதல் பாடப்பிரிவுகளில் ஆட்டோமொபைல் பொறியியலும் ஒன்று. ஊரின் நடுவே ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில் இரவு பகலாகச் சரக்கு வண்டிகள் செல்கின்றன. அவற்றுள் தண்ணீர் கேன் ஏற்றிச் செல்லும் சிறு வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஓட்டுநர் பட்டறைக்கு வந்து, "அண்ணே, வண்டி இடது பக்கமே இழுக்குது. பிரேக் பேடை மாத்திக் கொடுங்க" என்கிறார். "மாத்தறது இருக்கட்டும் தம்பி. பிரேக் மிதிச்சா இழுக்குதா, மிதிக்காம ஓடும்போதே இழுக்குதா?" என்கிறார் மெக்கானிக். "மிதிக்காமலேதான்!"

இந்த ஒரு கேள்வியிலேயே அறிவியல் தொடங்கிவிடுகிறது. மாட்டுவண்டியில் இடது மாடு சோம்பி நின்றால் வண்டி இடப்பக்கம் திரும்பும் அல்லவா? அதுபோல இடது முன்சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருந்தால், அந்த உராய்வு வண்டியை இடப்பக்கம் திருப்பும். இதுவே நீங்கள் பாடத்தில் படிக்கும் திருப்புத்திறன்.

இந்த உரசல் சிறியதுதானே என்று எண்ண வேண்டாம். உரசும் சக்கரம் வண்டியை 200 நியூட்டன் விசையோடு பின்னுக்கு இழுப்பதாகக் கொள்வோம். ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்க ஏறக்குறைய இவ்வளவு விசை வேண்டும். வண்டி மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லட்டும். 200-ஐ 15-ஆல் பெருக்கினால் 3,000 வாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றை ஒரே சக்கரத்துக்குள் வைத்ததுபோல் வெப்பம் உண்டாகும்!

அந்த வெப்பம் பிரேக் ஆயிலுக்கும் பரவும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. 'டாட் 3' வகை ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பே 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அமுக்கிச் சுருக்குவது கடினம். ஆவியை எளிதில் சுருக்கலாம். எனவே மிதிக்கும் விசை குமிழைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். விடாத பிரேக், சிறிது தூரம் சென்றபின் பிடிக்காத பிரேக்காக மாறும். பள்ளிவிடும் நேரத்தில் சாலையைக் கடக்கும் உங்களுக்கு இதன் பொருள் புரியும்.

ஆனால் வண்டி இழுக்கக் காரணம் பிரேக் மட்டும்தானா? இல்லை. மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடப்பக்கம் செல்லும் வண்டி சற்றே இடப்பக்கம் சாய்வது இயல்பு. இடது டயரில் காற்றுக் குறைந்தாலும் இழுக்கும். எனவே நம் மெக்கானிக் முதலில் காற்றை அளக்கிறார். பிறகு முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டுகிறார். இழுப்பு வலப்பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறவில்லை.

அடுத்து, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி வந்து, இரு சக்கரங்களின் வெப்பத்தையும் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் ஒப்பிடுகிறார். இடது சக்கரம் மிகச் சூடு. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கித் தாங்கு கொடுத்தபின் சக்கரத்தைக் கையால் சுற்றுகிறார். இறுக்கம்!

இனி ஒரு கேள்வி: பிரேக் துருப்பிடித்து இறுகியதா, உள்ளே ஆயிலின் அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறதா? சக்கரத்தருகே காற்று வெளியேற்றும் சிறு திருகு உண்டு. அதைத் திறந்தும் சக்கரம் விடுபடாவிட்டால் பிஸ்டனோ அதைச் சார்ந்த பாகமோ இறுகியிருக்கிறது. ஆயில் பீறிட்டு, சக்கரம் தாராளமாகச் சுற்றினால் அழுத்தமே காரணம். இங்கே சக்கரம் சுற்றுகிறது.

அழுத்தம் எங்கே நின்றது? திருகை மூடி, மீண்டும் பிரேக்கை மிதித்து விடுகிறார். சக்கரம் மறுபடி இறுகுகிறது. இப்போது ரப்பர் ஹோஸுக்கு மேலேயுள்ள இணைப்பைத் தளர்த்துகிறார். சக்கரம் விடவில்லை. கீழேயுள்ள திருகைத் திறக்கிறார். விட்டுவிட்டது! ஆகவே அடைப்பு ஹோஸுக்குள் இருக்கிறது. ஹோஸின் உட்சுவர் கிழிந்தோ வீங்கியோ போனால், காலின் விசை ஆயிலை உள்ளே தள்ளிவிடும். திரும்பி வர அவ்வளவு விசை இல்லை. இதயத்தின் வால்வுபோல அது ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. ஓட்டுநர் கேட்டபடி பேடை மட்டும் மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், பழுது போயிருக்காது.

"அனுபவமுள்ளவர் ஒலியைக் கேட்டே சொல்லிவிடுவாரே, இத்தனை சோதனை எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வண்டி நின்றால் ஓட்டுநருக்கு அன்றைய வருமானமும் போகும். அனுபவம் எதை முதலில் ஐயுற வேண்டும் என்று காட்டும். அது பெரிய உதவி. ஆனால் ஐயம் தீர்ப்பாகாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது சோதனை.

நம் பள்ளிகளில் சரியான விடைக்கு மதிப்பெண் உண்டு; தவறு எங்கே நேர்ந்தது என்று தேடிக் கண்டுபிடித்தவனுக்கு உண்டா? செய்முறைத் தேர்வில், வேண்டுமென்றே பழுதாக்கிய ஒரு மின்சுற்றைக் கொடுத்து, "காரணத்தைக் கண்டுபிடி, வழியை எழுது" என்று கேட்க வேண்டும் என்பேன். எம்.ஐ.டி.யில் படிப்பவருக்கும் சாலையோரப் பட்டறையில் உழைப்பவருக்கும் பொதுவான பாடம் அதுவே.

வண்டியின் பிரேக்கை நீங்கள் பிரிக்க வேண்டாம். அது தேர்ந்தவர் வேலை. உங்கள் சைக்கிள் போதும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். பிரேக் கட்டை இடைவிடாமல் உரசுகிறதா, சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசுகிறதா? இடைவிடாமல் என்றால் கட்டையையோ கம்பியையோ பாருங்கள். சுற்றுக்கு ஒருமுறை என்றால் ரிம் வளைந்திருக்கலாம். ஸ்பானரை எடுப்பது அதற்குப் பிறகுதான்.