அறையைப் பூட்டினால் போதை தீராது

கொஞ்சம் நீண்ட பதிவு. வாசித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும், ஆனால் முழுசாக வாசியுங்கள்.

அண்மையில் நம்ம ஊரில் ஒரு ஜனாஸா. இருபத்து மூன்று வயசுப் பிள்ளை. "ஹார்ட் அட்டாக்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அது தூள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் ஆண்டில் அவனுக்குப் படிப்பித்தவர்கள் நாங்கள். மையத்துக்குப் பின்னால் நடக்கும்போது எங்களுக்கே தலை நிமிரவில்லை.

ஏனென்றால் அவன் விட்டிருந்தான். வீட்டார் இரண்டு கிழமை அறையில் பூட்டி வைத்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பு முறிக்கும் வலி, தூக்கமில்லாத இரவுகள். கதவைத் தட்டிக் கதறினான். "ஷைத்தான் வெளியேறுது, திறக்காதீங்க" என்று சொல்லிக்கொடுத்தது நாம்தான். வெளியே வந்ததும் முஸாபஹா செய்து வாழ்த்தியதும் நாம்தான். நாலாம் நாள் பழைய அளவையே எடுத்தான். போய்விட்டான்.

இது விதி மட்டுமல்ல, நமது அறியாமையும்தான். ஹெரோயினுக்குப் பழகிய உடம்பு அதைத் தாங்கும் சக்தியை வளர்த்துக்கொள்கிறது. சில நாள் நிறுத்தினாலே அந்தச் சக்தி இறங்கிவிடும். ஆசை இறங்காது. அப்போது பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே அடைத்து வைத்துத் திறந்துவிடும் நாள்தான் மிக ஆபத்தான நாள். அன்றுதான் நாம் "பிள்ளை திருந்திட்டான்" என்று நிம்மதியாகத் தூங்குகிறோம்.

"மருந்து கொடுப்பதும் இன்னொரு போதைதானே?" என்று கேட்பவர்களுக்கு: மெதடோனையும் புப்ரநோர்பினையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சரியான அளவில் இவை உடல் வேதனையையும் ஆசையையும் அடக்கும். அவன் தொழிலுக்குப் போகலாம், தொழலாம், பிள்ளையைத் தூக்கலாம். சீனி வருத்தத்துக்கு வருஷக்கணக்காகக் குளிசை போடுபவரை "குளிசைக்கு அடிமை" என்கிறோமா?

மார்க்கத்தைக் காட்டித் தடுப்பவர்களுக்கு: மலேசியாவில் 2005இலேயே மெதடோன் சிகிச்சை தொடங்கியது. 2010இல் கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் வைத்தே கொடுத்தார்கள். அவர்களும் கிப்லாவை நோக்கித்தான் தொழுகிறார்கள்.

ஆனால் இது கடையில் வாங்கி நாமே கொடுக்கும் மருந்தல்ல. புப்ரநோர்பினை ஹெரோயின் உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் வேதனை ஒரேயடியாகப் பெருகிவிடும். கடைசியாக எடுத்துப் பன்னிரண்டு மணித்தியாலமாவது கழிந்து, நடுக்கமும் கொட்டாவியும் மூக்கொழுகலும் தெளிவாகத் தெரிந்த பிறகே தொடங்குவார்கள். மெதடோனைச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். அவசரப்பட்டுக் கூட்டினால் அதுவே உயிரை எடுக்கும். மதுவும் தூக்கக் குளிசையும் சேர்த்துப் பாவித்தவர் அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இதையெல்லாம் கணக்குப் பார்ப்பது டாக்டருடைய வேலை. பள்ளி நிர்வாகத்தின் வேலையல்ல.

ஹெரோயினை நிறுத்தினால் வேதனை பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமை பத்து நாளில் தணியும். அதற்குள் நீர் இழந்து உயிர் போகவும் கூடும். ஜீவனியும் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பக்கத்தில் இருங்கள். பூட்டாதீர்கள். வாந்தியும் போக்கும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. அந்த மருந்துகளில் எது நமக்குக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் வேதனையைத் தணிக்க வேறென்ன தரலாம் என்பதை அரச ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கில் கேளுங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையுடையது.

வாப்பாமாரே, உம்மாமாரே, "மகளுடைய கலியாணம் கெட்டுப்போகும்" என்று மகனை மறைக்காதீர்கள். அந்தப் பயத்தை உங்களுக்குள் விதைத்தது ஊராகிய நாம். கிளினிக் வரிசையில் நிற்கும் பிள்ளையை ஃபோட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போடுபவனைத்தான் ஊர் ஒதுக்க வேண்டும்.

நிர்வாகத்திடம் ஒரே கோரிக்கை: ஒரு ஜும்ஆவிலாவது இதைச் சொல்லுங்கள். இன்னொரு ஜனாஸாவுக்குப் பிறகல்ல, அதற்கு முன்.