உயிரணுவின் விந்தையும் மருத்துவ அறமும்

ஓர் உயிரணுவினுள் நிகழும் வினைகளை எண்ணுந்தோறும் வியப்பே மிஞ்சுகிறது. அவ்வியப்பை மறுப்பவர் அல்லோம் நாம். ஆயின், வியப்பையே சான்றாக்கி, அச்சான்றின் மேல் மருத்துவ அறத்தையும் எழுப்பிவிடலாம் என்று வாதிடுவோர் உளர். அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

1996-இல் அமெரிக்க உயிர்வேதியியலார் மைக்கேல் பீஹி வெளியிட்ட ‘டார்வின்ஸ் பிளாக் பாக்ஸ்’ என்னும் நூல் இவ்வாதத்திற்கு ஊக்கம் அளித்தது. எலிப்பொறியில் ஓர் உறுப்பை அகற்றினாலும் பொறி பயனற்றுப் போகும். அதுபோன்றே, பாக்டீரியா நீந்துவதற்குச் சுழற்றும் கசையிழையும் சிறுகச் சிறுக உருவாகியிருக்க இயலாது. ஆகவே அறிவுடைய ஒருவர் அதை வடிவமைத்திருத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு.

கேட்பதற்கு இனிது, ஆய்ந்தால் நில்லாது. கசையிழையின் அடிப்பகுதியிலுள்ள புரதங்கள் சிலவற்றின் இனப் புரதங்கள், வேறு பாக்டீரியாக்கள் பிற உயிரணுக்களுள் நச்சைச் செலுத்தும் ஊசி போன்ற அமைப்பிலும் உள்ளன. நீந்துவதற்கு உதவாத பகுதியும் வேறு தொழிலுக்கு உதவும் என்பதற்கு இதுவே சான்று. பழைய வீட்டின் தூண் புது வீட்டின் உத்தரமாவதை நாம் கண்டதில்லையா?

பென்சில்வேனியா மாநிலத்து டோவர் பள்ளி வழக்கில், 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், இக்கோட்பாடு அறிவியல் அன்று எனத் தீர்ப்பளித்தார். அதில் பீஹிக்கு எதிர்த்தரப்பில் சான்றுரைத்த உயிரியலார் கென்னத் மில்லர் கத்தோலிக்க நம்பிக்கையாளர். எனவே இது கடவுளுக்கும் நாத்திகத்திற்கும் இடையே நிகழ்ந்த போர் அன்று.

“வடிவமைத்தவர் இல்லையெனில் மனித உடலுக்கு மதிப்பேது?” என்பது அவர்தம் இறுதி அம்பு. இதற்கு விடை 1951-இல் பால்டிமோரில் உள்ளது. ஐந்து மக்களின் தாயாகிய ஹென்றியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, கருப்பை வாய்ப் புற்றுநோயால் தம் 31-ஆம் வயதில் மறைந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவரிடம் கேளாமலே எடுக்கப்பட்ட அணுக்கள் ‘ஹீலா’ என்னும் பெயரால் உலகெங்கும் பல்கின. இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியின் சோதனைக்கும் அவை பயன்பட்டன. குடும்பத்தார் அறிந்ததோ 1970-களில். அவ்வணுக்களால் பொருளீட்டிய நிறுவனம் ஒன்று அவர்களோடு உடன்பாடு கண்டது 2023-இல்தான்.

இங்கு நேர்ந்த தீங்கு யாது? அவ்வணுக்கள் வடிவமைக்கப்பட்டவையா, பரிணாமத்தால் விளைந்தவையா என்பதைப் பொறுத்ததா அது? அன்று. ஒரு பெண்மணியைக் கேட்கவில்லை என்பதே தீங்கு. படைப்பை நம்பியவர் எடுத்திருப்பினும், நம்பாதவர் எடுத்திருப்பினும், கேளாமை கேளாமையே. மனிதரின் மதிப்புக்குக் கசையிழையின் சான்று வேண்டுவதில்லை.

அயல்மொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆய்வில் பங்கேற்பவரின் இசைவை, அவர் விளங்கிக்கொள்ளும் மொழியில் பெறுதல் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை. நம் வீட்டு முதியோர் புரியாத மொழித் தாளில், பிறர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்திடுவதை நாம் பார்த்துக்கொண்டு நிற்கலாமா? உயிரணுவைப் படைத்தவர் யார் என்று விடிய விடிய வாதிடுவதினும், “இத்தாளில் என்ன எழுதியிருக்கிறது? தமிழில் சொல்லுங்கள்” என்று அவர்களுக்காகக் கேட்பதே மேலான அறம்.