கண்டிச்சீமைப் பேரன்கள்

அறந்தாங்கிப் பக்கம் ஒரு துக்க வீடு. எண்பதைத் தாண்டிய அப்பத்தா ஒருவர் தன் தங்கச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். மழை பொய்த்த வருசம், பங்கு கொடுக்காத அண்ணன், ஆத்தா கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைத்தோட்டத்துக்கு, கப்பலேறிய கதை எல்லாம் மூச்சுவிடாமல் வந்து விழுந்தன. பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் காதோரம் குனிந்து, "மாமா, அப்பத்தா ராப் பாடுது" என்றான். அதட்ட வாயெடுத்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

யோசித்தால் அவன் சொன்னது சரிதான். ஒப்பாரியில் ராகம் கொஞ்சம், சொல்தான் அதிகம். தாளத்துக்கு மார் இருக்கிறது. அதைவிட முக்கியம், மற்ற நாளில் வாய் திறக்க முடியாத பெண் அன்றைக்கு மட்டும் யார் பேரையும் சொல்லி நியாயம் கேட்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த உரிமையைச் சாவு வீட்டுக்கு வெளியே கொண்டுவந்ததுதான் ராப் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

ராப்பைப் பெற்றெடுத்த ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து குடியேறிய பையன். தமிழிலும் ராப் குடிபெயர்ந்தவர்கள் வழியாகவே வந்தது. யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' ஆல்பம் 2006இல் வந்தது மலேசியாவிலிருந்து. ரப்பர் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வளர்ந்த நாடு அது. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு வந்தபோது உலகமே ஆடியது. அதை எழுதிய அரக்கோணத்து அறிவு, தன் பாட்டி வள்ளியம்மாளை அதில் வைத்திருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, காணி நிலமில்லாமல் திரும்பியவர் அவர்.

இது எங்கள் மாவட்டத்துக் கதையும்தான். புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் சுற்றுச் சீமைகளிலிருந்தும் தோட்டத்துக்கு ஆள்பிடிக்கும் கங்காணிக்குப் பின்னால் நடந்தவர்கள் அம்மாபட்டினத்திலும் தொண்டியிலும் தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்கு ஒப்பாரி வைக்கக்கூட நேரமிருந்திருக்காது. பிறகு, ஆட்களைச் சோதித்து அனுப்பும் மண்டபம் முகாமும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்தன. 1948இல் இலங்கை இந்தத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. போ என்றவர்களும் வா என்றவர்களும் அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களை நாமும் 'சிலோன்காரர்' என்றுதான் கூப்பிட்டோம். சொந்த ஊரில் அவர்களுக்கு வைத்த பேர் அது. எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அக்கா மகன் இப்போது அப்பத்தாவின் ஒப்பாரியைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டு பாட்டு எழுதுகிறான். பறையொலியை எங்கே வைப்பது என்று ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பிக் கேட்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை எழுதியவரைக்கும் அப்பத்தாவிடம் பாடிக் காட்டினான். அவர் முழுசாகக் கேட்டார். ஆத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பேர் அவருக்கு ஞாபகமில்லை, இலங்கையில் அட்டன் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு சாமி," என்றார். "எங்க அண்ணன் பேரை ஏன் விட்டுட்ட?"