தோற்றவர்கள் எங்கே?

சமீப காலமாக நம்மிடையே ஒரு புதுவகைத் துக்கம் பரவி வருகிறது. செத்துப்போன மனிதருக்காக அல்ல, செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஓர் ஆட்டத்துக்காக. விழுப்புரம் ஸ்டேஷன் பெஞ்சில் இந்தத் துக்கத்தைக் காணலாம். அங்கிருந்து செஞ்சிப் பக்கம் போனால் மண்டகப்பட்டு டீக்கடையிலும் காணலாம். நாலு பேர் ஒரு செல்போனைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சின்னத் திரையில் கறுப்பு வெள்ளையில் மழை பெய்துகொண்டிருக்கும். மழையல்ல அது, பழைய பிலிமின் கீறல். அந்த மழைக்குள்ளே இருபத்திரண்டு நிழல்கள் ஒரு பந்தைத் துரத்தும். ஒன்றரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். உடனே ஒருவர் பெருமூச்சு விடுவார்: "அதெல்லாம் அந்தக் காலம் சார்! இனிமே எங்கே?" மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். டீ ஆறிப்போகும்.

இந்தப் பெருமூச்சின் மேல்தான் எனக்கு வழக்கு.

பழையதை நினைப்பதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. நினைவே இல்லாத சமூகம் தன் வீட்டு வாசலையே மறந்துபோன கிழவரைப் போன்றது. ஆனால் நினைப்பது வேறு. நினைப்பையே வேலையாக வைத்துக்கொண்டு மற்ற வேலைகளிலிருந்து தப்பித்துக்கொள்வது வேறு. நம்முடைய கால்பந்து ரஸிகர்கள் செய்வது இரண்டாவது காரியம்.

அவர்கள் எதை நினைத்து உருகுகிறார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மேவாலால் அடித்த ஒரே கோலினால் ஈரானை வென்று இந்தியா தங்கம் வாங்கியது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நாலுக்கு இரண்டு என்று தோற்கடித்து, அரை இறுதிக்குப் போய், நாலாவதாக வந்தது. அந்த நாலு கோலில் மூன்றை அடித்தவர் நெவில் டிஸௌஸா. 1962-ல் ஜகார்த்தாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நிறைந்த மைதானத்தில், கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட, தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று மறுபடியும் தங்கம். அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அந்த அணியில் எதிராஜ் இருந்தார், அருமைநாயகம் இருந்தார். இந்தப் பெயர்களைக் கேட்டால் நமக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. நிமிரட்டும்.

ஆனால் இந்த ரஸிகர்கள் பார்ப்பது பாதிப் படம். மற்றப் பாதியை யாரும் செல்போனில் அனுப்பிக்கொள்வதில்லை.

1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸில் நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்ஸிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒரு கோல்தான் ஒலிம்பிக்ஸில் இந்தியா அடித்த முதல் கோல். அடித்தவர் சாரங்கபாணி ராமன். அதே ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. வெறுங்கால் நம்மவர்களுக்குப் பெரிய காவியமாகிவிட்டது. பூட்ஸ் போட மறுத்ததால்தான் 1950 உலகக் கோப்பையில் சேர்க்கவில்லை என்று ஒரு கதையும் அதனோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்து அணித் தலைவர் சைலேன் மன்னாவே அந்தக் கதையைப் பிற்பாடு மறுத்தார். ஒலிம்பிக்ஸ்தான் பெரிது, உலகக் கோப்பை ஒரு பொருட்டல்ல என்று நினைத்தவர்கள், கப்பல் ஏறாமல் இருந்துவிட்டார்கள். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அலட்சியத்தைக் காட்டிலும் வெறுங்கால் அழகாக இருக்கிறது அல்லவா? ஆகவே நாம் வெறுங்காலையே வைத்துக்கொண்டோம்.

1952-ல் ஹெல்ஸிங்கியில் என்ன நடந்தது? யூகோஸ்லாவியா பத்து கோல் அடித்தது. இந்தியா ஒன்று அடித்தது. பத்துக்கு ஒன்று! அந்தப் படத்தைப் பார்த்து யாராவது பெருமூச்சு விட்டுக் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை. ஆனால் நம் பந்தாட்டச் சரித்திரத்தில் பார்க்க வேண்டிய படம் அதுதான். ஏனென்றால் அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஸையத் அப்துல் ரஹீம் என்ற மனிதர், பயிற்சியாளர் என்ற முறையில் அந்தப் பத்து கோலையும் தம் தலையில் வாங்கிக்கொண்டு, மறுபடியும் உட்கார்ந்து அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். நாலே வருஷம். மெல்போர்ன் அரை இறுதியில் அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியா! பிறகு நாலு வாங்கித் தோற்றது வாஸ்தவம். ஆனால் பத்து நாலாகக் குறைந்தது பொற்காலத்தின் மகிமையால் அல்ல. ஒரு வாத்தியாரின் பிடிவாதத்தால்.

1962-ம் அப்படித்தான். ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே இதே கொரியாவிடம் இந்தியா இரண்டு கோல் வாங்கித் தோற்றது. தாய்லாந்தோடு ஆடியபோது தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை, முன்வரிசையில் நிறுத்தினார். இறுதி ஆட்டத்தின் இரண்டாவது கோலைத் தலைக்கட்டோடு இருந்த அந்த ஜர்னைல் சிங்தான் அடித்தார். அப்போதே நோயாளியாக இருந்த ரஹீம், 1963 ஜூனில் புற்றுநோயால் காலமானார். நாம் "காலம், காலம்" என்று அழுகிறோமே, அந்தக் காலம் என்பது பெரும்பாலும் ஒரு மனிதரின் உழைப்பு. அவர் போன பிறகு அந்த உழைப்பை எடுத்துச் செய்ய ஆளில்லை. செய்ய வைக்க ஏற்பாடும் இல்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக்ஸ் பந்தாட்டத்தில் நம் ஆண்கள் அணி நுழையவில்லை. 1970-ல் பாங்காக்கில் வாங்கிய வெண்கலத்தோடு ஆசியப் போட்டியில் நம் பதக்கக் கணக்கு முடிந்தது. காலம் நம்மைக் கைவிடவில்லை. நாம்தான் வேலையைக் கைவிட்டோம்.

இப்போது அந்த ஒன்றரை நிமிஷப் படத்தை இன்னொரு முறை ஓட்டச் சொல்கிறேன். இந்தத் தடவை ஜெயித்தவர்களைப் பார்க்காதீர்கள். தோற்றவர்களைப் பாருங்கள். அவர்கள் எங்கே போனார்கள்?

1951-ல் தோற்ற ஈரான் 1978-ல் உலகக் கோப்பைக்குப் போயிற்று. 1962-ல் தோற்ற தென் கொரியா 1986 முதல் ஓர் உலகக் கோப்பையைக்கூட விட்டதில்லை. 2002-ல் அரை இறுதி வரைக்கும் ஏறியது. அதே ஜகார்த்தாவில் நம்மிடம் இரண்டு கோல் வாங்கிக்கொண்டு போன இன்னொரு தேசம் ஜப்பான். அவர்கள் 1960-லேயே டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளரை அழைத்து, பந்தை நிறுத்தவும் உதைக்கவும் மறுபடி கற்றுக்கொண்டார்கள். 1965-ல் தேசிய லீக் ஆட்டங்களைத் தொடங்கினார்கள். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கினார்கள். அதோடு திருப்தியடையாமல், 1993-ல் ஆட்டத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட லீக்கை ஏற்படுத்தி, 1998-ல் உலகக் கோப்பைக்குள் கால் வைத்தார்கள். கால் வைத்தவர்கள் இன்றுவரை கால் எடுக்கவில்லை. தோற்றவர்களுக்கு அந்தப் பழைய படம் ஒரு பாடமாயிற்று. ஜெயித்தவர்களுக்கு அதுவே தாலாட்டாயிற்று. ஐயா, தாலாட்டுக் கேட்டு ஐம்பது அறுபது வருஷம் தூங்கியவன், விழித்தவுடன் "அந்தக் காலம்போல வருமா?" என்று கேட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது?

சரி, அந்தப் படத்தின் மேலாவது இவர்களுக்கு உண்மையான பற்று இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகைகளில் அசல் படத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப் படம் கட்டாயமாகக் காட்டப்பட்டது. வெள்ளம், அணைக்கட்டு, மந்திரி மாலை, கடைசியில் கொஞ்சம் விளையாட்டு. அது ஓடும்போது நம் ரஸிக சிரோமணிகள் எங்கே இருந்தார்கள்? வெளியே பீடி குடித்துக்கொண்டு, சோடா உடைத்துக்கொண்டு இருந்தார்கள். ஹீரோ வந்ததும் உள்ளே வந்தார்கள். அன்றைக்குச் சும்மா காட்டியபோது பார்க்காதவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு அதே சுருளின் துண்டைப் பார்த்து விம்முகிறார்கள். அந்தச் சுருள்களைப் பத்திரப்படுத்தும்படி எந்த ரஸிகர் சங்கம் மனுப் போட்டது? புனாவில் 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டது. அதே ஊரில், திரைப்படக் கல்லூரி வளாகத்துக் கிடங்கில், 2003-ல் தீப்பிடித்துப் பழைய நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின. எத்தனை பந்தாட்ட அபிமானிகள் அன்று ஒரு தபால் கார்டாவது எழுதினார்கள்? கையில் மிஞ்சியிருப்பவை துண்டுகள். ஒன்றரை நிமிஷத்துக்கு வெளியே இருந்த எண்பத்தெட்டரை நிமிஷத்தைக் கேட்கக்கூடத் தோன்றாதவர்கள், அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக உருகுவது பற்றல்ல, பொழுதுபோக்கு.

மண்டகப்பட்டு என்று சொன்னேன். பெயர் டீக்கடைக்காகப் பெற்ற ஊர் அல்ல அது. அங்கே ஒரு குன்றைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் கோயில் அமைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதைச் செய்வித்தேன் என்று கல்லிலே எழுதியும் வைத்தான். அந்த வாக்கியத்தை வரலாறு படித்தவர்கள் அரசனுடைய பெருமையாகப் படிக்கிறார்கள். எனக்கு அது ஒரு வேலைக்காரனுடைய பேச்சாகப் படுகிறது. முன்னோர் கட்டிய செங்கல் கோயில்களையும் மரக் கோயில்களையும் பார்த்து, "அந்தக் காலம்போல வருமா?" என்று அவன் பெருமூச்சு விடவில்லை. உளியை எடுக்கச் சொன்னான்.

இன்று அந்தக் குடைவரையில் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் குடைந்த மூன்று அறைகளும் காலி. வாசலில் இரண்டு துவாரபாலகர்கள் மட்டும் ஆயிரத்து நானூறு வருஷமாக அசையாமல் நிற்கிறார்கள். நம் பந்தாட்ட பக்தியும் இப்படித்தான் ஆகிவிட்டது. உள்ளே தெய்வம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாரில்லை. வாசலில் நிற்கும் கல் காவலருக்குத் தினமும் கற்பூரம் காட்டுகிறோம். மகேந்திரவர்மன் நான்கு பொருளும் இல்லாமல் ஒரு கோயிலை உண்டாக்கினான். நமக்குச் செங்கல் இருக்கிறது, மரம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, சிமெண்டும் இருக்கிறது. ஆனால் ஏரி வற்றிய காலத்தில் அதன் கரையோரம் ஆடுகிற பையன்களுக்கு இரண்டு கோல் கம்பம் நட்டுக் கொடுக்க முடியவில்லை. அவர்கள் பக்கத்துக்கு இரண்டு செங்கல்லை வைத்துக் கோல் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

"ஆட்டம் எங்கே சார் இருக்கிறது இப்போது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விலாசம் தருகிறேன். வெகு தூரமில்லை, விழுப்புரத்துக்குப் பக்கத்திலுள்ள கடலூர்தான். அந்த ஊர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாட்டுப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் பட்டத்தை 2018-ல் மணிப்பூரை வென்றும், 2023-ல் ஹரியானாவை வென்றும் இரண்டு தடவை எடுத்தது. இந்தியப் பெண்கள் அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்றில் ஆடியே நுழைந்தது. இந்தச் செய்திகளை மண்டகப்பட்டு டீக்கடையில் எத்தனை பேர் அறிவார்கள்? 1962-ல் யார் கோல் அடித்தார் என்று கேளுங்கள், நிமிஷக் கணக்கோடு சொல்வார்கள். 2023-ல் யார் அடித்தார் என்று கேளுங்கள், "அப்படியா? ஜெயித்தோமா?" என்பார்கள். இருக்கிற குழந்தையைத் தொட்டிலில் அழவிட்டு, கொள்ளுப்பாட்டனின் படத்துக்கு மாலை மாற்றிக்கொண்டிருக்கும் குடும்பம் இது.

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். "நாங்கள் பழைய படத்தைப் பார்ப்பதால்தானே ரஹீமின் பெயர் இன்றைக்கும் நிற்கிறது? அவரைப் பற்றி ஹிந்தியில் 2024-ல் சினிமாகூட வந்ததே!" என்று. நியாயமான கேள்வி. பெயர் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரஹீம் தம் பெயர் நிற்க வேண்டும் என்றா நோயோடு ஜகார்த்தாவுக்குப் போனார்? பந்து நிற்காமல் உருள வேண்டும் என்றல்லவா போனார்? ஒரு வாத்தியாருக்குச் செய்யும் மரியாதை அவர் படத்துக்கு முன்னால் அழுவதில் இல்லை. அவர் கொடுத்த கணக்கைப் போட்டுக் காட்டுவதில் இருக்கிறது. நாம் கணக்கைப் போடாமல் சிலேட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

ஆகையால் இந்தத் துக்கத்துக்கு நான் ஒரு விலை வைக்கிறேன். பழைய படத்தைப் பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். ஆனால் பார்க்கும் ஒவ்வொரு தடவைக்கும் உங்கள் ஊர் மைதானத்துக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். அங்கே ஆடுகிற பெண்பிள்ளைகளில் ஒருத்தியின் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பந்துக்குக் காசு கொடுங்கள். பஞ்சாயத்தில் இரண்டு கோல் கம்பத்துக்காகச் சண்டை போடுங்கள். அதற்கெல்லாம் நேரமில்லை, வெயில் ஆகாது, டீயும் பெருமூச்சும்தான் சௌகரியம் என்றால், அப்படியே இருங்கள். ஆனால் அதற்குப் பந்தாட்ட அபிமானம் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.