மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது நாட்டில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். இங்கே 54 பேர். இது எளிதில் வந்த முன்னேற்றம் அல்ல. ஆனால், இது மருத்துவமனை வாசலோடு நின்றுவிடக் கூடாது. சுகப்பிரசவம் ஆனவர்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் வீடு திரும்புகிறார்கள். தாயின் இரத்த அழுத்தம் உச்சத்தைத் தொடுவதோ மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில். கர்ப்பத்தின்போது உடலில் தேங்கிய நீரும் உப்பும் அப்போதுதான் இரத்த ஓட்டத்துக்குத் திரும்புகின்றன. அளந்து பார்த்தே ஆக வேண்டிய அந்த நாட்களில் தாய் வீட்டில் இருக்கிறார், அளப்பதற்கு ஆள் இல்லை.

அந்த வீடு எது என்பதும் கேள்வி. கூடுவாஞ்சேரியில் கணவர் வீட்டு முகவரியில் கர்ப்பத்தைப் பதிவு செய்த பெண், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிள்ளை பெற்று, சதுரங்கப்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம். பதிவேடு இருக்கும் ஊரின் கிராம சுகாதார செவிலியர் அவரை அங்கே தேடிப் பயனில்லை. கோவளம் முதல் கடப்பாக்கம் வரை கடலோரக் குப்பங்களில் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள்களின் பெயர் அந்தந்த ஊர்ச் செவிலியரின் கைக்கு, மருத்துவமனையிலிருந்து அனுப்பும் அன்றே போய்ச் சேர வேண்டும்.

அறிகுறி வந்தால் அழைத்துவர மாட்டார்களா என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். விடாத தலைவலியைத் தூக்கக் கேடு என்பார்கள். கண் மங்கினால் அசதி, மேல்வயிறு வலித்தால் வாயு. முகம் வீங்குவதையும் மூச்சு வாங்குவதையும் ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்’ என்று தள்ளிவிடுவார்கள். பால் ஊறட்டும் என்று பால்சுறா சமைத்துத் தரும் அக்கறையில் குறையொன்றும் இல்லை. அழுத்தம் ஏறியிருப்பவருக்கு உப்புக் கருவாட்டைத் தவிர்த்து, பச்சை மீனாகக் கொடுத்தால் போதும். ஆனால், எந்த அறிகுறியும் காட்டாமலும் அழுத்தம் ஏறும். கர்ப்பம் முழுவதும் சரியான அளவில் இருந்தவருக்கும் பிரசவத்துக்குப் பின் வலிப்பு வரலாம். 140/90 என்பது மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு. 160/110 என்றால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்கவே கூடாது. வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டின் பலனை, 2002இல் வெளியான, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற மேக்பை ஆய்வு ஐயமறக் காட்டியது: எக்லாம்சியா வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. நிஃபெடிபின், லேபெட்டலால், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்படி எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். பாலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

செவிலியர்களின் தலையில் இன்னொரு சுமையா என்ற எதிர்ப்பு நியாயமானது. அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். ஆனால், பச்சிளங்குழந்தையைப் பார்க்க 3, 7, 14ஆம் நாட்களில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது தேசியத் திட்டத்திலேயே உள்ளது. அதற்குக் கொண்டுபோகும் பையில் எடைக்கருவியும் வெப்பமானியும் உண்டு, தாய்க்கான கருவி இல்லை. மறுபுறம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தக் கருவியோடுதான் தெருத்தெருவாகப் போகிறார்கள். பெரியவர்களுக்குப் பார்க்கிற அதே கருவியால், பிள்ளை பெற்று மூன்று முதல் ஐந்து நாளான தாய்க்கும் ஒருமுறை பார்க்கச் சொல்வதற்குப் புதிய பணியிடம் தேவையில்லை, ஓர் ஆணை போதும். கர்ப்பத்தில் அழுத்தம் கண்டவர்களுக்கு அந்த இடைவெளியில் கட்டாயம் அளக்க வேண்டும் என்று பிரிட்டன் தன் வழிகாட்டுதலிலேயே எழுதி வைத்திருக்கிறது. வீட்டுக் கருவி தப்புக் காட்டும் என்ற ஐயத்துக்கும் வழி உண்டு: கைக்குப் பொருந்தும் பட்டை, ஐந்து நிமிட ஓய்வு, இதய மட்டத்தில் கை, கூடுதலாகக் காட்டினால் மறுபடி ஓர் அளவு.

தாயின் அழுத்தத்தை அளந்த பதிவு ஆறு வாரத்தோடு மூடப்படவும் கூடாது. பன்னிரண்டு வாரம் கடந்தும் அழுத்தம் இறங்காத பெண் நாள்பட்ட நோயாளி. இறங்கியவருக்கும் பிற்காலத்தில் இதயநோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இவர்களின் பெயர்களை மகப்பேறு ஏட்டிலிருந்து அதே தன்னார்வலரின் பட்டியலுக்கு மாற்றி, ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்துவர வேண்டும்.