பாடியில் ஒரு பாடி லாஸ்

பாடி திருவல்லீஸ்வரர் கோயிலுக்கு அருகில் ஒரு வளைகாப்பு. ஹாலில் ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை துபாயில். முதல் வளையலைப் போடும் நேரத்தில் வீடியோ கால் அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் இன்டர்நெட் புகார் பார்க்க வந்த பையன் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினான், நூறு எம்.பி.பி.எஸ். பிளானுக்கு நூறும் வந்தது. "நேத்து ஆளுங்க ஜாஸ்தி சார், அவங்கதான் சிக்னலை இழுத்துட்டாங்க" என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டுப் போனான். உறவுக்காரர் வீடு என்பதால் விஷயம் என் காதுக்கு வந்தது.

அவன் சொன்னது பொய் என்றால் இந்த உரைக்கு வேலையே இல்லை. மனித உடல் வைஃபையைத் தடுக்கத்தான் செய்கிறது. ரேடியோ பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் பாடி லாஸ்; ஊர்ப் பெயரும் சேர்ந்துகொண்டது தற்செயல். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலை தசைக்குள் இரண்டு சென்டிமீட்டர் போவதற்குள் அதன் சக்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். நெஞ்சைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வருவது என்று எதுவும் இல்லை. பின்னால் இருக்கும் போனுக்குக் கிடைப்பது உடம்பைச் சுற்றி வளைந்து வந்ததும், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியதும்தான். அதனால்தான் ஓர் ஆள் குறுக்கே நின்றால் இழப்பு 3 முதல் 10 டெசிபலோடு நிற்கிறது. இல்லையென்றால் இணைப்பே அறுந்துவிடும். 5 கிகா ஹெர்ட்ஸில் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டரிலிருந்து ஆறுக்கும் கீழே இறங்குவதால் அலை அவ்வளவாக வளையாது, நிழல் இன்னும் அழுத்தமாக விழும்.

(இடையில் ஒன்று. 2.4 கிகா ஹெர்ட்ஸ் என்பது தண்ணீரின் 'சொந்த அதிர்வெண்', மைக்ரோவேவ் அடுப்பு அதனால்தான் சூடாக்குகிறது என்று பயிற்சி வகுப்புகளிலேயே சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவது 20 கிகா ஹெர்ட்ஸை ஒட்டித்தான். மைக்ரோவேவ் அடுப்பு நம் சிக்னலைக் குடிப்பதில்லை, அதே அலைவரிசையில் கூச்சல் போடுகிறது. இரண்டும் வேறு வேறு நோய்.)

ஆட்கள் நிறைந்த இடத்தில் சிக்னல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரிய அளவில் பார்த்தவர்கள் போயிங் நிறுவனத்தார். பயணிகளை நாள்கணக்கில் அசையாமல் உட்காரவைக்க முடியாது என்பதால், ஓய்வுபெற்ற விமானம் ஒன்றின் இருக்கைகளில் சுமார் 9,000 கிலோ உருளைக்கிழங்கை மூட்டை மூட்டையாக உட்காரவைத்து அளந்தார்கள். 2012இல் வெளியான செய்தி இது. ரேடியோ அலைக்கு உருளைக்கிழங்கும் மனிதனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் இதில் ரசிப்பது கிழங்கை அல்ல, முறையை. காலி விமானத்தில் அளந்துவிட்டு, "பயணிகள் ஏறியதால் சரியாக வரவில்லை" என்று அவர்கள் டிக்கெட்டை மூடவில்லை.

வீட்டுச் சாமான்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மர அலமாரி, திரைச்சீலை, துணிமணி, பிளாஸ்டிக் நாற்காலி, நைலான் கொசுவலை ஆகியவற்றை மறந்துவிடலாம். இரும்பு பீரோ உறிஞ்சாது, திருப்பி அடிக்கும். அதன் முன்னால் சிக்னல் சில சமயம் கூடும், பின்னால் இருட்டு. கண்ணாடிக்குப் பின்னால் உலோகப் பூச்சு இருப்பதால் ஆளுயர நிலைக்கண்ணாடியும் பீரோவின் தங்கைதான். ஜன்னலில் அடிக்கும் உலோகக் கொசுவலையின் ஓட்டைகள் அலைநீளத்தின் முன் ஒன்றுமே இல்லை, அதுவும் தகடுதான். மீன் தொட்டியும் வரிசையாக நிற்கும் இருபது லிட்டர் தண்ணீர் கேன்களும் குறுக்கே நிற்கும் ஆட்களுக்குச் சமம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆள் சுவர். ஒன்பது இஞ்சு செங்கல் சுவர் 2.4இல் ஐந்தாறு டெசிபலை எடுத்துக்கொள்ளும். ஆறு இஞ்சு கான்கிரீட் பத்து டெசிபல். அதே கான்கிரீட் 5 கிகா ஹெர்ட்ஸில் இருபதை நெருங்கும். 2018 அக்டோபரில் 5 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் உரிமம் தேவைப்படாத பகுதியை அரசு விரித்துக் கொடுத்த பிறகு டூயல் பேண்டு ரூட்டர் பெட்டிதான் எங்கும். பாடி, கொரட்டூர் பக்கம் தரைத்தளத்தில் லேத் பட்டறை, மேலே இரண்டு மாடி வீடு என்று எழும்பிய கட்டடங்களில், ஒரே பெட்டியின் 5 கிகா சிக்னல் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போகும் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறவர் அந்தக் கட்டடத்தை நிமிர்ந்தே பார்க்காதவர்.

கணக்கு சின்னது. ஒரு வீட்டுச் சோபாவில் சிக்னல் மைனஸ் 60 டி.பி.எம். இருக்கிறது. ஆள் வந்து 6 டெசிபல் போனால் மைனஸ் 66, யாருக்கும் தெரியாது. இன்னொரு வீட்டுச் சோபாவில் ஏற்கெனவே மைனஸ் 74 என்றால் மைனஸ் 80 ஆகிறது, மாப்பிள்ளை நின்றுவிடுகிறார். இரண்டு வீட்டிலும் உடம்பு எடுத்துக்கொண்டது ஒரே 6 டெசிபல். மீதி எவ்வளவு இருந்தது என்பதை முடிவு செய்தது பெட்டியை மாட்டியவர்.

இன்னொரு குழப்பமும் உண்டு. விசேஷ வீட்டுக்கு வருகிறவர் உடம்போடு போனையும் கொண்டுவருகிறார். வாசலிலேயே பாஸ்வேர்டு கேட்கிறார். ஐம்பது போன்கள் ஒரே சேனலில் முறை வைத்துப் பேச வேண்டும். போதாக்குறைக்கு 2.4இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே, அவற்றிலும் பக்கத்து வீட்டுப் பெட்டிகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். சிக்னல் அளவு இறங்கியிருந்தால் நிழல். அளவு அப்படியே இருந்து, மறு அனுப்பல்கள் ஏறியிருந்தால் நெரிசல். மொபைலில் ஒரு இலவச வைஃபை அனலைசரும், ரூட்டரின் உள்பக்கமும் போதும் இதைப் பிரித்துச் சொல்ல. காலை பதினொரு மணிக்குக் காலி ஹாலில், பெட்டிக்குக் கீழேயே நின்று போடும் ஸ்பீடு டெஸ்ட் இரண்டையும் காட்டாது.

ஆகவே இன்ஸ்டலேஷன் தாளில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்கிறோம்: வாடிக்கையாளர் வழக்கமாக உட்காரும் இடத்தில், கதவைச் சாத்தி, பெட்டிக்கு முதுகு காட்டி, போனை நெஞ்சருகே பிடித்து எடுத்த அளவு, 2.4க்கும் 5க்கும் தனித்தனியாக. மைனஸ் 67க்குக் கீழே போனால் பெட்டியை நகர்த்த வேண்டும், அல்லது கேபிள் இழுத்து இரண்டாவது பெட்டி வைக்க வேண்டும். முதுகு காட்டிப் பார்ப்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிக்கொண்டு போகாமல் பாடி லாஸை அளக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஃபைபர் மாடிப்படிப் பக்க ஜன்னல் வழியாகப் படுக்கையறைக்குள் நுழைகிறது. நுழைந்த இடத்திலேயே, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், இன்வெர்ட்டருக்கு மேலே பெட்டி. சுவருக்கு அந்தப் பக்கம்தான் வளைகாப்பு நடந்த ஹால். பத்து மீட்டர் பேட்ச் கார்டு போட்டு ஹாலில் லிண்டல் உயரத்துக்கு மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. நான், பையன், வீட்டார் நால்வர் எல்லோரும் சோபா முன்னால் வரிசையாக நின்றோம். துபாய்க்குப் போட்ட கால் நிற்கவில்லை.

"இதை அன்னிக்கே இங்க மாட்டியிருக்கலாமேப்பா" என்றார் அந்த வீட்டுப் பாட்டி.

"அன்னிக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்துச்சு பாட்டி. ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னுதான் காசு" என்றான்.

ஆசிரியர்